புகையிலையில் நுனி கிள்ளிய பின் பக்கத் தளிர்கள் மீண்டும் மீண்டும் வருவது ஏன், எப்படிக் கட்டுப்படுத்துவது?

நுனி மொட்டில் உருவாகிக் கீழிறங்கும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி, இலை தண்டோடு சேரும் இலைக்கோணங்களில் உள்ள மொட்டுகளை உறங்கவைத்திருக்கிறது. பூங்கொத்துடன் நுனியைக் கிள்ளியதும் அந்தத் தடை நீங்குவதால் அவை விழித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு கோணத்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட மொட்டுகள் இருப்பதால், ஒரு தளிரை ஒடித்தால் அதன் அருகிலிருந்து அடுத்தது எழும். இவற்றை விட்டுவைத்தால், இலையின் பருமனுக்கும் எடைக்கும் சேர வேண்டிய சத்து வீணாகும்.

கையால் ஒடிப்பதானால் வாரந்தோறும் வயலைச் சுற்றிவர வேண்டும். பரப்பு பெரிதானால், டெக்கனால் போன்ற கொழுப்பு ஆல்கஹால் கரைசலைத் தண்டின் உச்சியில் ஊற்றி, அது வழிந்து ஒவ்வொரு கோணத்தையும் நனைக்கச் செய்யலாம். கரைசல் பட்ட தளிர் மட்டுமே கருகும் என்பதால், சாய்ந்த செடிகளை முதலில் நிமிர்த்துங்கள். தளிர் ஓர் அங்குலத்தைத் தாண்டியிருந்தால் முன்னதாகவே ஒடித்துவிடுங்கள்.

செடிக்குள் பரவிச் செல் பிரிதலை நிறுத்தும் மாலிக் ஹைட்ரசைடை, மேல் இலைகள் போதிய அளவு விரிவதற்கு முன் தெளித்தால் அவையும் சிறுத்துவிடும். இலையில் எச்சம் தங்கும் என்பதால் மருந்துப் புட்டியின் சிட்டையிலுள்ள அளவை மீறவே கூடாது.