கேனோபியில் பெயின்ட் கசிவது ஏன்?

கேள்வி: 1/72 அளவுப் போர்விமான மாடலின் கேனோபிக்கு (விமானி அறையை மூடும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூடு) டேப் ஒட்டி, அதன் சட்டங்களுக்குப் பெயின்ட் அடித்தேன். டேப்பை உரித்தால் கண்ணாடிக்குள் கசிந்து, விளிம்பெல்லாம் கோணல்மாணல். தவறு எங்கே?

பதில்: பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, டேப்பின் ஓரம் சரியாகப் படியவில்லை. இரண்டு, முதல் பூச்சையே ஈரமாக, கனமாக அடித்துவிட்டீர்கள்.

மெல்லிய காகித மாஸ்கிங் டேப்பை ஒட்டி, பல்குச்சி முனையால் சட்டத்தின் ஓரமாகவே தேய்த்து அழுத்துங்கள். சட்டத்தின் கோடு தெளிவாகத் தெரியும். பிறகு அந்தக் கோட்டில் வெட்ட, ஹாபி கத்தியின் புத்தம்புதிய 11-ஆம் எண் பிளேடு (கூர்முனை பிளேடு). கை அழுத்தவே வேண்டாம், பிளேடின் எடையே வெட்டும். மழுங்கிய பிளேடு டேப்பைக் கிழிக்கும். அழுத்தினால் கண்ணாடியில் கீறல் விழும். வளைவு அதிகமுள்ள கண்ணாடிச் சதுரங்களில் ஓரத்துக்கு மட்டும் குறுகிய கீற்றுகள் போட்டு, நடுவை மாஸ்கிங் திரவத்தால் (காய்ந்தபின் உரித்தெடுக்கக்கூடியது) நிரப்பலாம்.

முதலில் விமானி அறையின் உள்நிறத்தை அடியுங்கள்: உள்ளிருந்து பார்க்கும்போது சட்டம் அந்த நிறத்தில் தெரியும், டேப்பின் விளிம்பும் அடைபடும். அதன்மேல் வெளிநிறம், மூன்று நான்கு மெல்லிய பூச்சுகளாக. நாள்கணக்கில் டேப்பை விட்டுவைக்காதீர்கள், பசை தங்கிவிடும். உரிக்கும்போது டேப்பைப் பின்னோக்கி மடித்து மெதுவாக இழுங்கள்.

ஏற்கெனவே கசிந்தது அக்ரிலிக் என்றால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பல்குச்சியால் சுரண்டுங்கள். லாக்கர் தின்னர் வேண்டாம், கண்ணாடியே வெடிப்புவிடும்.

கேள்வி: ஒட்டிய கேனோபி உள்ளே வெள்ளையாகப் பனிபடர்ந்தது போலிருக்கிறதே?

பதில்: சூப்பர் குளூவின் ஆவி. வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள்.