பேய் வீடா, பூட்டின வீடா? செட்டிநாட்டுக் கேள்வி பதில்

அக்டோபர் 31, ஹாலோவீன் நெருங்கினால் காரைக்குடிப் பக்கம் பேய் தேடி மீட்டரும் கேமராவுமாக ஆள் வரத் தொடங்கிவிடுகிறார்கள். நான் பழைய வீடுகளுக்கு வயரிங் பார்ப்பவன். "வீட்டில் என்னமோ இருக்கு" என்று கூப்பிட்டால் அதையும் போய்ப் பார்ப்பேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

மதுரை, கல்லூரி மாணவர்: அண்ணே, 31ஆம் தேதி ராத்திரி நண்பர்களோடு கானாடுகாத்தான் வருகிறோம். எந்த வீட்டில் பேய் இருக்கிறது?

அப்படி ஒரு பட்டியல் என்னிடம் இல்லை தம்பி. சாவி வைத்திருப்பவரைக் கேளுங்கள், அவர் கூட வந்தால் மட்டும் உள்ளே போங்கள். நிலைக்கதவையும் தூணையும் பெயர்த்து விற்கிற காலம் இது. சுவர் ஏறிக் குதித்தால் ஊரில் உங்களைத் திருடன் என்றுதான் நினைப்பார்கள். பின்கட்டில் கிணறு இருக்கும். அதற்குச் சுவர் இருக்கும் என்று நம்பி இருட்டில் நடக்காதீர்கள்.

திருச்சி: கே-2 மீட்டரில் ஐந்து விளக்கும் எரிந்தது. வளவில் (நடு முற்றத்தில்) ஒரே ஒரு தூண் பக்கம் மட்டும். ஆவிதானே?

இது என் தொழில், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்தக் கருவி காட்டுவது மின்காந்தப் புலத்தை. மின்சாரம் வருகிற ஃபேஸ் வயரும் திரும்புகிற நியூட்ரல் வயரும் ஒட்டியே போனால் இரண்டின் புலமும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடும். பழைய வீடுகளில் ஆளாளுக்கு ஒரு காலத்தில் ஒரு லைன் இழுத்திருப்பார்கள். ஃபேஸ் ஒரு பக்கம் வரும், நியூட்ரல் வேறு அறை சுற்றித் திரும்பும். அப்போது புலம் வெளியே பரவும். தேக்குத் தூணுக்குப் பின்னால், சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் ஒரு லைன் ஓடுகிறதா என்று பாருங்கள். மெயினை அணைத்துவிட்டு அதே இடத்தில் மறுபடி வையுங்கள். செல்போனைப் பையில் வைத்துக்கொண்டு சோதித்தால் கணக்கில்லை, அதற்கும் விளக்கு எரியும்.

தேவகோட்டை: ராத்திரி ஒரு மணிக்கு மேல் மாடியில் யாரோ நடக்கிற மாதிரி சத்தம்.

பகலெல்லாம் வெயில் குடித்த பர்மாத் தேக்கும் ஓடும் ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது படக் படக் என்று சத்தம் வரும். ஆனால் அது நடக்கிற மாதிரி வரிசையாகக் கேட்காது. வரிசையாகக் கேட்டால் மரநாய். ஓட்டின் மேல் சிறிது மாவைத் தூவி வையுங்கள், காலையில் கால்தடம் இருக்கும். சீறுகிற மாதிரி, அலறுகிற மாதிரி கேட்டால் கூகை.

காரைக்குடி: எடுத்த போட்டோவில் வெள்ளை உருண்டைகள். ஆன்மாவா?

தூசி. ஃபிளாஷ் வெளிச்சம் லென்ஸுக்குப் பக்கத்தில் மிதக்கிற தூசியில் பட்டுத் திரும்புகிறது. பூட்டின வீட்டில் தூசிக்குப் பஞ்சமா?

சென்னை: அந்தக் காலத்துப் பெல்ஜியம் கண்ணாடியில் என் முகம் வேறு யாரோ போல மாறியது. நான் பொய் சொல்லவில்லை.

நம்புகிறேன். 2010இல் இத்தாலியில் ஜியோவானி கபூட்டோ என்ற ஆய்வாளர் 50 பேரை மங்கின வெளிச்சத்தில் கண்ணாடி முன் பத்து நிமிடம் உட்கார வைத்தார். பலருக்குத் தன் முகம் உருமாறித் தெரிந்தது, சிலருக்கு முன்பின் தெரியாத முகமே தெரிந்தது. ரசம் போன கண்ணாடியும் ஒற்றை பல்பும் இருக்கிற முகப்பில் இது நடக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

புதுக்கோட்டை: இன்ஃப்ராசவுண்ட் என்கிற, காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலிதான் பேய்க்குக் காரணம் என்று படித்தேன்.

அந்தக் கதை விக் டேன்டியுடையது. இங்கிலாந்தில் கோவன்ட்ரி ஊர்ப் பொறியாளர். அவர் வேலை பார்த்த ஆய்வகத்தில் சாம்பல் நிற உருவம் ஓரக்கண்ணில் தெரிந்தது. மறுநாள் இடுக்கியில் பிடித்து வைத்திருந்த வாள் தானாக அதிர்ந்தது. காரணம் புதிதாக மாட்டின விசிறி, ஏறக்குறைய 19 ஹெர்ட்ஸ், காதுக்குக் கேட்காத அளவு. 1998இல் கட்டுரையாக எழுதினார். ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. பிறகு லண்டனில் ஓர் அறையைக் கட்டி, சிலருக்கு மட்டும் அந்த ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் போட்டுப் பார்த்தார்கள். பலருக்கு விசித்திர அனுபவம் வந்தது, ஆனால் கருவி ஓடினதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. "ஏதாவது நடக்கலாம்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அது போதுமாக இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

கோட்டையூர் ஆச்சி: எங்கள் வீட்டை ஒரு பையன் வீடியோவில் "பேய் பங்களா" என்று போட்டிருக்கிறான். வருஷம் தவறாமல் எங்கள் முன்னோருக்குப் புதுச் சேலை, வேட்டி வைத்துப் படைக்கிற வீடு அது. அவர்கள் பேயா?

ஆச்சி, உங்கள் கோபம் நியாயம். படைப்பு நடக்கிற வீட்டில் முன்னோரைக் கூப்பிட்டுச் சோறு போடுகிறோம். துரத்த மீட்டர் வைப்பதில்லை. வீடியோவை எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

வீடியோ எடுத்த தம்பி: ஆச்சி, அவ்வளவு பெரிய வீடு ஏன் ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கிறது? யாராவது காரணம் சொன்னால் நான் ஏன் பேய் என்று சொல்லப் போகிறேன்?

நானே சொல்கிறேன். ஒவ்வொரு மகனுக்கும் கல்யாணமானால் வளவைச் சுற்றி ஓர் அறை. அவர்கள் பிள்ளைகள், அவர்கள் பேரப்பிள்ளைகள் என்று புள்ளிகள் (குடும்பங்கள்) பெருகிப் பெருகி, இன்று ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். விற்க வேண்டுமென்றால் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டும். ஓடு மாற்றக்கூட யார் பணம் கொடுப்பது என்று ஒரு பஞ்சாயத்து. கதவைப் பூட்டினது பங்குதான் தம்பி.

அதே ஆச்சி: அதை அவன் வீடியோவில் சொல்லட்டும்.

அதே தம்பி: சொன்னால் யார் பார்ப்பார்கள்?

பள்ளத்தூர்: பேய் வீடு என்று பெயர் வந்தால் சுற்றுலா வளரும் அல்லவா?

ஆத்தங்குடித் தரை ஓடும் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சும் பார்க்கத்தான் ஆள் வருகிறார்கள். பேய் என்று வருகிறவன் ஒரு ராத்திரி சுவரில் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போவான். விடுதியில் கட்டணம் வாங்கி ஹாலோவீன் விருந்து நடத்துங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஊரார் வீட்டை விட்டுவிடுங்கள்.

சிங்கப்பூர்: ஹாலோவீன் நம் மகாளய அமாவாசை மாதிரியா?

அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்து சம்ஹைன் அறுவடைப் பண்டிகையோடு அதற்குத் தொடர்பு சொல்வார்கள். நவம்பர் 1 புனிதர்கள் எல்லோருக்குமான நாள், அதற்கு முந்தின இரவு இது. மீதியைப் புரோகிதரைக் கேளுங்கள்.

கோவை: காரைக்கால் பேயார் இந்த ஊர்தானே?

அது காரைக்கால். இது காரைக்குடி.

திண்டுக்கல்: ராத்திரி முழுக்க வீட்டின் ஒரு கட்டுக்குள் தங்கிப் படம்பிடிக்கப் போகிறோம், ஜெனரேட்டர் வைக்கலாமா?

வெளியே வையுங்கள், தெருவில் வையுங்கள், உள்ளே வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் ஒரு குடும்பம் காலடிச் சத்தமும் உருவங்களும் கண்டு அலறிய கதை 1921இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. உலையில் இருந்த கோளாறால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் பரவியிருந்தது. அவர்கள் தப்பினார்கள். மூடின அறையில் ஜெனரேட்டர் ஓட்டினால் நீங்கள் தப்ப மாட்டீர்கள். வௌவால் புழுக்கை குவிந்த அறையில் முகக்கவசம் இல்லாமல் பெருக்கவும் கூடாது, நுரையீரலுக்கு ஆகாது. கிணறு பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

சிவகங்கை: அண்ணே, போட்டோவில் வெள்ளை உருண்டை...

தூசி.

மேலூர்: நீல நிற உருண்டை என்றால்?

நீல நிறத் தூசி.