கழிமுகத்தின் கணினி மாடலில் நீர்மட்டம் பொருந்துகிறது, நீரோட்ட வேகம் பொருந்தவில்லை. பிழை எங்கே இருக்கும்?

முதுகலை ஆய்வுக்காக முதல் மாடலை ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நீர்மட்டம் அளவீட்டோடு அழகாகப் படிகிறது, வேகம் மட்டும் ஒன்றரை மடங்கு வருகிறது, சமன்பாட்டில் கோளாறா மென்பொருளில் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஆழத் தரவின் பூஜ்யம் எங்கே இருக்கிறது, அதாவது எந்த நீர்மட்டத்திலிருந்து ஆழத்தை எண்ணியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

சென்னைக்கு வடக்கே ஒரு கழிமுகம். யாருக்காகச் செய்தேன் என்பது வேண்டாம். முகத்துவாரத்தை எக்கோ சவுண்டர் (ஒலி அனுப்பி ஆழம் அளக்கும் கருவி) வைத்துப் படகில் அளந்து ஒரு குழு கோப்பு கொடுத்தது. உள்ளே ஆற்றின் குறுக்குவெட்டுகள் வேறொரு இடத்திலிருந்து வந்தன. இரண்டையும் ஒட்டி மாடலில் போட்டேன். ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், உள்ளே ஏறவே இல்லை. உள்ளே நட்டிருந்த அளவுகோலில் பதிவானதில் பாதிகூட மாடலில் வரவில்லை. சரி, உராய்வு அதிகமாகக் கொடுத்துவிட்டோம் என்று மேனிங் எண்ணை (தரை எவ்வளவு சொரசொரப்பு என்று மாடலுக்குச் சொல்லும் எண்) குறைக்க ஆரம்பித்தேன். 0.025-இல் தொடங்கி 0.013-க்கு வந்தபோது அளந்த நீர்மட்டக் கோடும் மாடலின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. மூன்று வாரம் அதற்கே போயிற்று. அறிக்கையையும் அனுப்பிவிட்டேன்.

0.013 என்பது பூசி மெழுகிய கான்கிரீட் வாய்க்காலின் எண். சேறும் மணலும் சிப்பி ஓடுமாகக் கிடக்கும் கழிமுகத் தரைக்கு அது வராது. அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவைத்தவர் எங்களுக்குப் படகு ஓட்டிய அண்ணன். வேகப் படத்தை அச்செடுத்துக் காட்டினேன். முகத்துவாரம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. சிவப்பு என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டு, "பங்குனியில இப்படி இழுக்காது சார். மழைத் தண்ணி வந்தாத்தான் இப்படி இழுக்கும்" என்றார்.

ஊருக்குத் திரும்பி அளவைப் படத்தை மறுபடி விரித்தேன். மூலையில் சிறிய எழுத்தில் இருந்தது: ஆழங்கள் சார்ட் டேட்டத்துக்கு (கடல் வரைபடத்தின் பூஜ்ய மட்டம்) கீழே. ஆற்றுக் குறுக்குவெட்டுகளோ சராசரிக் கடல்மட்டத்தை வைத்து எடுத்தவை. கப்பல் தரை தட்டக் கூடாது என்பதற்காகக் கடல் வரைபடங்கள் ஓதம் நன்றாக வற்றிய மட்டத்திலிருந்து ஆழம் சொல்லும். சென்னையில் இந்த இரண்டு பூஜ்யங்களுக்கும் இடையே சுமார் 65 செ.மீ. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெருவோதத்தின் ஏற்ற இறக்கமே அங்கே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வற்றிய மட்டத்திலிருந்து சொன்ன ஆழத்தைச் சராசரி மட்டத்திலிருந்து என்று எடுத்துக்கொண்டதால் தரை அவ்வளவு உயர்ந்துவிட்டது; இரண்டு மீட்டர் ஆழமுள்ள முகத்துவாரத்தில் மூன்றில் ஒரு பங்கை நான் மூடிவிட்டிருந்தேன். அடைத்த வாய் வழியே அதே நீர் உள்ளே போயாக வேண்டும் என்று தரையை வழவழப்பாக்கியபோது வேகம் ஒன்றரை மடங்காகிவிட்டது. முகத்துவாரத் தரையை 65 செ.மீ. இறக்கியதும் 0.025-லேயே மட்டமும் வேகமும் சேர்ந்து வந்தன.

கிரிட், அதாவது மாடல் இடத்தைப் பிரிக்கும் கட்டம், பெரிதாக இருந்தாலும் பிழை வரும், நேரத்தைப் பிரிக்கும் காலப்படியாலும் வரும் என்று யாராவது கீழே எழுதுவார்கள். தெரியும். அகலமான கட்டங்களில் உப்புநீருக்கும் நன்னீருக்கும் இடையிலான எல்லை கரைந்து போவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் கட்டத்தைப் பாதியாக்கி ஓட்டினால் அந்தப் பிழை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பூஜ்யத்தில் உள்ள பிழை எத்தனை முறை ஓட்டினாலும் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

பங்குனியில் அளந்து பொருத்திய மாடலை ஐப்பசி, கார்த்திகைக்கு அப்படியே ஓட்டுவதும் தவறு. நம் கிழக்குக் கரையில் அப்போது சராசரிக் கடல்மட்டமே உயர்ந்துவிடும். கரையோர நீரோட்டம் தெற்கே திரும்பி, கங்கை பிரம்மபுத்திராவின் உப்பு குறைந்த நீரை இழுத்து வரும். எம்2 (நிலவால் வருவது), எஸ்2 (சூரியனால் வருவது) போன்ற ஓதக் கூறுகளை மட்டும் மாடலின் கடல் எல்லையில் கொடுத்திருந்தால் இதெல்லாம் மாடலுக்குத் தெரியாது. போதாததற்கு, வெள்ளம் மணல்திட்டை உடைத்துக்கொண்டு போனபின் முகத்துவாரத்தின் வடிவமே வேறு.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திருத்திய அறிக்கையை அனுப்ப என் மேலதிகாரிகளுக்கு மூன்று மாதம் ஆனது. அதில் என் பெயர் இருந்தது, அளவை நிறுவனத்தின் பெயர் இருந்தது. பதினைந்து நாள் இரவில் டார்ச் அடித்து அளவுகோலைப் படித்துச் சொன்ன அந்த அண்ணன் பெயர் இல்லை. கூலிக்கும் அவர் ஐந்து முறை அலுவலகம் ஏறி இறங்க வேண்டியிருந்தது. அந்தப் பிழையைக் கண்டுபிடித்தவர் அவர். நான் எழுதிக் கொடுத்த நன்றி வரியை யாரோ எடுத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் மேனிங் எண் இப்போது எத்தனையில் நிற்கிறது? ஆழக் கோப்பு எந்த மட்டத்திலிருந்து எடுத்தது? இரண்டையும் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.