ககும் காட்டில் ஒரு காலை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜனவரியில் கானா போகிறேன். அங்கே ககும் தேசியப் பூங்காவில் பறவை பார்க்க ஒரு காலைதான் ஒதுக்க முடிகிறது. கையில் 10x42 (பத்து மடங்கு பெருக்கும்) பைனாகுலர். போய்வந்தவர்கள் “வெறும் கறுப்பு உருவங்கள்தான் தெரிந்தன” என்கிறார்கள். ஏன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தரையில் நின்று அண்ணாந்து பார்த்திருப்பார்கள். வெளிச்சமான வானத்தின் முன்னால் எந்தப் பறவையும் கறுப்புதான். ககுமில் அதற்கு மாற்று உண்டு: 1995-ல் திறந்த தொங்குபாலம். ஏழு பாலங்கள், சுமார் 350 மீட்டர், உயரம் 40 மீட்டர் வரை. அங்கே மரத்தலைகள் உங்கள் கண்மட்டத்தில்.

பாலத்தின் மேல் நின்று பார்க்காதீர்கள். ஒருவர் அடி வைத்தால் முழுப்பாலமும் ஆடும். 10 மடங்குக் கண்ணாடி அந்த ஆட்டத்தையும் பெருக்கிக் காட்டும். 8x42 இரவல் கிடைத்தால் நல்லது. இரண்டு பாலங்களுக்கு நடுவே மரத்தைச் சுற்றிப் பலகை மேடை இருக்கிறது. மேற்கே திறந்த மேடை ஒன்றைப் பிடித்து, சூரியன் முதுகில் விழ, இரண்டு மணி நேரம் அசையாமல் நில்லுங்கள். எல்லா மேடைக்கும் ஓடுகிறவருக்கு எதுவும் கிடைக்காது.

வழக்கமான நேரத்தில் போனால் பள்ளிக் கூட்டத்தின் கூச்சல்தான் மிஞ்சும். விடியலில் நுழைய முந்தின நாளே அலுவலகத்தில் பேசி வழிகாட்டியை ஏற்பாடு செய்யுங்கள். ஏசி அறையில் கிடந்த பைனாகுலர் வெளியே வந்ததும் பனித்துவிடும். அரைமணி முன்பே பையோடு வெளியே வைத்துவிடுங்கள். ஜனவரியில் ஹர்மட்டான் காற்று சகாராத் தூசியைக் கொண்டுவரும்; தொலைவு மங்கும், பக்கத்து மரங்களை நம்புங்கள்.

பச்சைச் சின்னான் பறவைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். பல இனங்கள், எல்லாம் ஒரே பாசிநிறம். குரல் தெரியாமல் பிரிப்பது வீண். குரங்குகள் கிளை உலுக்கினால் மட்டும் உடனே திரும்புங்கள். அவை கிளப்பும் பூச்சிகளுக்காக வெண்கொண்டை இருவாட்சி பின்னாலேயே வரும், நீண்ட வாலை இழுத்துக்கொண்டு.

வெயில் ஏறியதும் கீழே இறங்கி நடைபாதையில் போங்கள். படையெறும்பு வரிசை கண்டால் பத்தடி தள்ளி நில்லுங்கள். தப்பியோடும் பூச்சிகளைப் பிடிக்கத் தரைப்பறவைகள் கூடும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகியிருக்க வேண்டும். கடித்த பிறகு செருகிப் பயனில்லை, எறும்பும் உள்ளேயே இருக்கும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு. ஊசி போட்டதற்கான அட்டை இல்லாவிட்டால் திரும்பும்போது இந்தியாவில் தனிமைப்படுத்துவார்கள்.