கார் சாவி தொலைஞ்சாலும் தண்ணில விழுந்தாலும் கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம் மக்களே. மதுரைல ஆட்டோ எலெக்ட்ரிகல் கடை வச்சு பதினாறு வருஷமாச்சு, இப்ப பாதி நாள் சாவி வேலைதான் ஓடுது. ஐப்பசி மழை பிடிச்சதுல இருந்து நனைஞ்ச ரிமோட்டா வந்து குவியுது, அதான் இன்னிக்கு ராத்திரி உக்காந்து பதில் சொல்லிரலாம்னு வந்தேன்.

கேக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்கோங்க. ஒரு ரிமோட் சாவிக்குள்ள மூணு தனித்தனி சாமான் இருக்கு. இரும்புச் சாவி, அது கதவையும் ஸ்டியரிங் லாக்கையும் திறக்கும். ரெண்டாவது சின்னதா ஒரு சிப், இதுக்கு பேட்டரியே வேணாம், சாவி போடுற இடத்த சுத்தி இருக்குற கம்பிச்சுருள்ல (காயில்) இருந்து கரண்ட் வாங்கி அதுவே பேசும், இது ஓகே சொன்னாத்தான் இஞ்சின் ஓடும். மூணாவது பட்டன் இருக்குற ரிமோட் போர்டு, பேட்டரி இதுக்குத்தான். சாவி போச்சுன்னு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இந்த மூணுல எது போச்சுன்னு தெரியாது, தெரியாமயே செலவு பண்ணிட்டு வருவாங்க. சரி, கேளுங்க.

கேள்வி: அண்ணே, போன வாரம் ராமேஸ்வரம் போனோம். ரிமோட் சாவிய வேட்டி மடியில முடிஞ்சுகிட்டு அப்படியே அக்னி தீர்த்தத்துல முங்கிட்டேன், உள்ள 22 தீர்த்தமும் ஆடி முடிச்சு வண்டிகிட்ட வந்தப்பதான் சாவி ஞாபகமே வந்துச்சு. சாவி போட்டா வண்டி ஸ்டார்ட் ஆகுது, பட்டன் ஒண்ணும் வேலை செய்யல. நாலு நாளா அரிசி டப்பால போட்டு வச்சிருக்கேன். சரியாயிருமா?

பதில்: முதல்ல அத அரிசில இருந்து எடுங்கண்ணே, அந்த அரிசிய பொங்கித் தின்னாலாவது புண்ணியம். அரிசி உள்ள போயி தண்ணிய உறிஞ்சாது, சும்மா காத்தாட வச்சிருந்தாலே அத விட சீக்கிரம் காஞ்சிருக்கும், இப்ப அந்த மாவுத்தூசியும் போர்டுல போயி ஒட்டியிருக்கும்.

வண்டி ஸ்டார்ட் ஆகுதுல்ல, அப்ப சிப் நல்லா இருக்கு. போனது ரிமோட் போர்டு மட்டும். இதுல எதிரி தண்ணியே இல்ல, தண்ணியோட சேந்த உப்பும் உள்ள இருக்குற பேட்டரியும். உப்புத்தண்ணில கரண்ட் நல்லா பாயும், பேட்டரி உள்ள இருக்குற வரைக்கும் போர்டுல இருக்குற செம்புக்கோடு கொஞ்சங்கொஞ்சமா அரிச்சு பச்சைக் களிம்பா மாறிக்கிட்டே இருக்கும், நீங்க பட்டன அமுக்காம இருந்தாலும் அது பாட்டுக்கு நடக்கும். அதனால நனைஞ்ச அன்னைக்கே பேட்டரிய கழட்டிருக்கணும். ஒரு விதத்துல 22 தீர்த்தம் ஆடுனது நல்லதுதான், கிணத்துத் தண்ணி கடல் அளவுக்கு உப்பில்ல, ஓரளவு கழுவி விட்டிருக்கும், சாமி காப்பாத்துனாருன்னு வச்சுக்கோங்க.

இப்ப பண்ண வேண்டியது. ஓரத்துல ஒரு பள்ளம் இருக்கும், அதுல ஒரு ரூபா காச வச்சு திருகுனா கூடு ரெண்டா பிரியும், இல்லாட்டி சின்ன ஸ்க்ரூ இருக்கும். பேட்டரிய தூக்கிப் போட்ருங்க, நனைஞ்ச பேட்டரிய திருப்பி போடாதீங்க. போர்ட வெளிய எடுத்து பேட்டரித் தண்ணில அலசுங்க, அதான் கார் பேட்டரிக்கு ஊத்துற பாட்டில் தண்ணி, அதுல உப்பு இல்ல. பைப் தண்ணி வேணாம், போர் தண்ணி சுத்தமா வேணாம். அப்புறம் செல்போன் ரிப்பேர் கடைல ஐபிஏன்னு கேட்டா குடுப்பாங்க, ஐசோபுரோபைல் ஆல்கஹால், அத பழைய டூத் பிரஷ்ல தொட்டு பச்சையோ வெள்ளையோ பூத்திருக்குற இடத்த மெல்ல தேச்சு விடுங்க, பட்டன் ஸ்விட்ச் ஓரத்துல ரெண்டு சொட்டு விட்டு இருபது முப்பது தடவை அமுக்குங்க, உள்ள நிக்கிற தண்ணி அப்பதான் வெளிய வரும். பேட்டரி ஒக்கார்ற தகடு கருத்திருந்தா பென்சில் ரப்பர் வச்சு தேய்ங்க. ஃபேனுக்கு அடியில ஒரு முழு நாள். பிறகு புது பேட்டரி. நாலு நாள் ஆயிருச்சு, அதனால கண்டிப்பா வரும்னு சொல்ல மாட்டேன், ஆனா இந்த மாதிரி கேஸ்ல நிறைய எந்திரிச்சு வந்திருக்கு.

கேள்வி: ஐபிஏ கிடைக்கல, வீட்ல சானிடைசர் இருக்கு, பெயின்ட் தின்னர் இருக்கு. எது பெட்டர்?

பதில்: ரெண்டும் வேணாம் பிரதர். சானிடைசர் பிசுபிசுன்னு படிஞ்சிரும். தின்னர் பிளாஸ்டிக்க உருக்கிரும், அப்புறம் பட்டன் இருந்த இடத்துல பொங்கச்சோறு மாதிரி இருக்கும். மெடிக்கல்ல விக்கிற சர்ஜிகல் ஸ்பிரிட் கூட பரவால்ல, அதுல தண்ணி கொஞ்சம் இருக்கும்ங்கிறதால கூடுதலா ஒரு நாள் காய விடுங்க. ஹேர் டிரையரும் வேணாம், அடுத்து நீங்க அதத்தான் கேப்பீங்க.

கேள்வி: சார், என் வீட்டுக்காரர் பேன்ட்டோட சாவிய வாஷிங் மெஷின்ல போட்டுட்டேன். எடுத்துப் பாத்தா எல்லாமே நல்லா வேலை செய்யுது. அப்படியே விட்டுறலாமா?

பதில்: விடாதீங்கம்மா. இன்னிக்கு வேலை செய்யும், சோப்புத்தண்ணி உள்ளயே தங்கி ஒரு மாசம் கழிச்சு நின்னுரும், அப்ப வாஷிங் மெஷின் விஷயம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. கூட்ட பிரிச்சு மேல ராமேஸ்வரம் அண்ணனுக்கு சொன்னதயே பண்ணுங்க.

கேள்வி: அண்ணே, சாவி கவர் பிஞ்சு போச்சுன்னு ஆன்லைன்ல 300 ரூபாய்க்கு கூடு வாங்கி நானே மாத்துனேன். ரிமோட் போர்ட மாத்தி வச்சேன், லாக் அன்லாக் சூப்பரா ஆகுது, ஆனா வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, மீட்டர்ல சாவி படம் மினுக்குது. போர்டு அடி வாங்கிருச்சா?

பதில்: தம்பி, பழைய கூட்ட குப்பைல போட்டாச்சா? போடலைன்னா பிழைச்சீங்க. போட்டிருந்தா இப்பவே போயி தேடுங்க, இத படிச்சு முடிக்கிறது அப்புறம்.

சிப் உங்க பழைய கூட்டுக்குள்ளதான் இருக்கு. சில சாவில அது போர்டுலயே இருக்கும், நிறைய சாவில தனியா கூட்டோட ஒரு மூலைல சொருகியிருக்கும், கருப்பா ஒரு சின்ன ஆப்பு மாதிரியோ இல்ல அரிசி மாதிரி கண்ணாடிக் குழாயாவோ இருக்கும், பாத்தா பிளாஸ்டிக் துண்டுன்னு நெனப்போம். நெயில் கட்டரால மெதுவா நெம்பி எடுத்து புது கூட்டுல அதே மூலைல வைங்க, கண்ணாடி டைப்னா உடைஞ்சிரும், ஜாக்கிரதை. மாசத்துக்கு ரெண்டு பேராவது இந்த கதையோட வர்றாங்க. முன்னூறு ரூபா மிச்சம் பிடிக்கப் போயி ஆயிரக்கணக்குல புது சிப் புரோகிராம் பண்ணிட்டுப் போவாங்க, எனக்கே பாவமா இருக்கும், காசு வாங்கிக்குவேன் அது வேற.

கேள்வி: ரிமோட்ட போன் கேமரா முன்னாடி காட்டி அமுக்குனேன், டிவி ரிமோட்ல தெரியுற மாதிரி லைட் வரல. அப்ப டெட்டா?

பதில்: டிவி ரிமோட் இன்ஃப்ராரெட் வெளிச்சத்துல பேசுது, அதான் கேமராவுல தெரியுது. கார் ரிமோட் ரேடியோ அலை, நம்மூர் வண்டில பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ். கேமராவுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டாவது சாவிய எடுத்து அமுக்கிப் பாருங்க, அது வேலை செஞ்சா கோளாறு முதல் சாவில, அதுவும் செய்யலைன்னா வண்டில.

கேள்வி: தம்பி, எனக்கு 62 வயசு. பேரன் கார் சாவிய வச்சு நாள் பூரா அமுக்கி விளையாடிட்டான், இப்ப ரிமோட் வேலை செய்யல. புது பேட்டரியும் போட்டாச்சு.

பதில்: ஐயா, ஒவ்வொரு தடவ அமுக்கும்போதும் ரிமோட் ஒரு புது நம்பர் அனுப்பும், பழைய நம்பர யாராச்சும் காப்பி அடிச்சு திறந்துரக் கூடாதுன்னு. வண்டிக்கு கேக்காத தூரத்துல நூத்துக்கணக்குல அமுக்கிட்டா ரிமோட் முன்னாடி ஓடிரும், வண்டி பின்னாடி நிக்கும். வண்டி பக்கத்துல நின்னு விட்டு விட்டு நாலஞ்சு தடவ லாக் பட்டன அமுக்குங்க, நிறைய வண்டில இதுலயே சேந்துக்கும். சேரலைன்னா கடைல அஞ்சு நிமிஷ வேலை.

கேள்வி: புஷ் ஸ்டார்ட் வண்டி பிரதர். காலைல சென்னை ஏர்போர்ட்ல என்னை இறக்கி விட்டுட்டு வொய்ஃப் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாங்க, சாவி என் பாக்கெட்ல! நான் டெல்லில இருக்கேன். அவங்க தாம்பரத்துல பெட்ரோல் போட நிப்பாட்டி, திருப்பி ஸ்டார்ட் ஆகாம மாமனார் வந்து ஸ்பேர் சாவி குடுத்துட்டுப் போனாரு. சாவி இல்லாம வண்டி எப்படி ஓடுச்சு?

பதில்: ஓடுற வண்டிய நடுரோட்டுல நிப்பாட்டக் கூடாதுன்னு அப்படித்தான் டிசைன் பண்ணிருக்காங்க. ஸ்டார்ட் பண்றப்பத்தான் சாவி உள்ள இருக்கணும். சாவி வெளிய போனதும் பீப் அடிச்சு மீட்டர்ல எழுத்து காட்டியிருக்கும், ஏர்போர்ட் ஹாரன் சத்தத்துல யாரு கவனிக்கிறா. அடுத்த தடவ அந்த பீப் கேட்டா ஆஃப் பண்ணாம நேரா ஸ்பேர் சாவி இருக்குற இடத்துக்கு ஓட்டிரச் சொல்லுங்க. மாமனார் இல்லாத ஊர்னா ஆம்னி பஸ் பார்சல்ல ஒரு ராத்திரி ஆகும்.

கேள்வி: ஸ்மார்ட் கீ, அதான் புஷ் ஸ்டார்ட் வண்டி சாவி, அதோட பேட்டரி சுத்தமா தீந்துட்டா கார் ஷெட்டுக்குத்தான் தூக்கிட்டுப் போகணுமா?

பதில்: வேணாம். ரிமோட்டுக்குள்ளயே ஒரு இரும்புச் சாவி ஒளிஞ்சிருக்கு, சின்ன லாக்க தள்ளி இழுத்தா வரும், கதவ திறங்க. அப்புறம் ரிமோட்ட ஸ்டார்ட் பட்டன்மேல ஒட்டி வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க, சில வண்டில ரிமோட்டாலயே பட்டன அமுக்கணும், சிலதுல கப் ஹோல்டர்லயோ கன்சோல் பெட்டிலயோ அதுக்குன்னு ஒரு இடம் இருக்கும். மேனுவல்ல ஒரு பக்கம் படம் போட்டிருப்பான், இன்னிக்கே பாத்து வைங்க. அதே மாதிரி சாவி இருக்கும்போதே 'சாவி இல்ல'ன்னு காட்டுனா, போனும் சார்ஜரும் சாவியும் ஒரே குழியில கிடக்குதான்னு பாத்து தள்ளி வைங்க.

கேள்வி: அண்ணா, கல்யாண மண்டபத்துல சாவி தொலைஞ்சு போச்சு. ஒரே சாவிதான், செகண்ட்ஸ்ல வாங்குன வண்டி, வாங்கும்போதே ஒண்ணுதான் குடுத்தாங்க. வண்டி மண்டபத்து பார்க்கிங்லயே நிக்குது, டோ பண்ணிறலாமா?

பதில்: அவசரப்படாதம்மா. முதல்ல தேடுற விஷயம். மண்டபத்துல சாவி பெரும்பாலும் மூணு இடத்துல கிடைக்கும், மொய் எழுதுன மேஜைல தாம்பூலப் பைக்குள்ள, சாப்பாட்டு ஹால்ல கை கழுவுற இடத்துல, இல்லைன்னா யாரோ ஒரு சித்தப்பா 'நம்ம பய சாவிதான்'னு எடுத்துட்டுப் போயிருப்பாரு. குடும்ப குரூப்ல போட்டோவோட ஒரு மெசேஜ் போடு, வீடியோகிராபர்கிட்டயும் கேளு.

கிடைக்கலைன்னா, போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு மனு குடுத்து சி.எஸ்.ஆர்., அதான் மனு வாங்குனதுக்கான ரசீது, வாங்கிக்க. சாவி கிடைச்சுரும்னு இல்ல, நாளைக்கு வண்டி திருடு போனா நீ முன்னாடியே சொன்னதுக்கு ஆதாரம். டோ பண்ணாத, சாவி இல்லாட்டி ஸ்டியரிங் லாக்லயே இருக்கும், கயிறு கட்டி இழுத்தா வண்டி நேரா போகாது, தூக்கி ஏத்துற பிளாட்பெட்தான் வரணும், அதுக்கு ஒரு காசு. அதுக்குப் பதிலா சாவி ஆள வண்டி இருக்குற இடத்துக்கு கூப்பிடு. கதவு லாக்க படிச்சு சாவி வெட்டி, டேஷ்போர்டுக்கு அடியில இருக்குற ஓ.பி.டி. போர்ட்ல, அதான் வண்டி கம்ப்யூட்டரோட பேசுற சொருகுல, மெஷின மாட்டி புது சிப்ப பதிவான். ஆர்.சி.யும் உன் அடையாள அட்டையும் கேப்பான், கேக்கலைன்னா அவன்கிட்ட வேலை குடுக்காத. முக்கியமா தொலைஞ்ச சாவிய வண்டி மெமரில இருந்து அழிக்கச் சொல்லு, அப்புறம் அது எவன் கைல கிடைச்சாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஆனா கதவு திறக்கும், அதனால உள்ள எதையும் விட்டுட்டுப் போகாத.

ஒரு சாவி உசுரோட இருக்கும்போது ரெண்டாவது போடுறது சின்ன வேலை, எல்லாம் போன பிறகு போடுறது பெரிய வேலை, எங்க கடைலயே ரெண்டு மடங்கு வித்தியாசம் வரும். அன்னைக்கே ரெண்டு சாவியா போட்டுக்க.

கேள்வி: இன்ஷூரன்ஸ்காரன் ரெண்டு சாவி கேப்பானாமே?

பதில்: வண்டி திருட்டு கிளெய்ம்னா ரெண்டு ஒரிஜினல் சாவியும் கேப்பாங்க. ஒண்ணு இல்லைன்னா கேள்வி மேல கேள்வி. அதுக்கும் சேத்துத்தான் அந்த சி.எஸ்.ஆர். சாவிக்குன்னே தனி ஆட்-ஆன் கவர் இருக்கு, பாலிசிய எடுத்துப் பாருங்க.

கேள்வி: ரிமோட்ல புது 2032 பேட்டரி, அந்த காசு மாதிரி வட்டமா இருக்குறது, போட்டேன், பெரிய பிராண்டுதான், வேலையே செய்யல. மல்டிமீட்டர்ல 3.2 வோல்ட் காட்டுது.

பதில்: அந்த பேட்டரில கசப்பு மருந்து பூசியிருக்கான்னு அட்டைல பாருங்க. குழந்தைங்க வாயில போட்டா துப்பணும்னு பூசுறது, அந்த பூச்சு சில கூட்டுல தகடு தொடாம மறைச்சிரும், ஓரத்த ஸ்பிரிட் துணியால துடைச்சுப் பாருங்க. அப்படியும் வரலைன்னா நீங்க எடுத்த பழசு 2032 தானா, 2025 ஆன்னு பாருங்க, அகலம் ஒண்ணுதான், கனம் 2032ன்னா 3.2 மில்லிமீட்டர், 2025ன்னா 2.5 மில்லிமீட்டர்.

அந்த கசப்பு சும்மா இல்ல. இந்த பேட்டரிய குழந்தை முழுங்குனா தொண்டைக்குழாய்ல மாட்டி ரெண்டு மணி நேரத்துக்குள்ள பொசுக்கிரும். வெளிய வரட்டும்னு வீட்ல உக்காந்திருக்காம உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: மிக்ஜாம் புயல் அப்ப எங்க அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல வண்டி மூழ்குச்சு, சாவி மேல வீட்ல. தூரத்துல இருந்து ரிமோட் அமுக்கி டெஸ்ட் பண்ணேன், அது தப்பா?

பதில்: 2023 டிசம்பர்ல நிறைய பேரு பண்ணது இதுதான். லாக் அன்லாக் அமுக்குனாலே வண்டிக்குள்ள கம்ப்யூட்டர் முழிச்சுக்கும், ஈரத்துல கரண்ட் பாயும். சாவிய எடுத்து ஓரமா வைங்க, வண்டி பேட்டரி டெர்மினல கழட்டுங்க, தண்ணி வடிஞ்ச பிறகுகூட ஸ்டார்ட் பண்ணிப் பாக்கக் கூடாது.

கேள்வி: லாஸ்ட் கேள்வி அண்ணே, சிரிக்காதீங்க. நாய் கடிச்சு சாவிய ரெண்டா ஆக்கிருச்சு.

பதில்: சிரிக்கல தம்பி, இது மூணாவது கேஸ். பேட்டரி கைல இருக்கான்னு முதல்ல பாரு. இல்லைன்னா சாவிய அப்புறம் பாத்துக்கலாம், நாய தூக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடு. இருந்துச்சுன்னா துண்டு துக்கடா எல்லாத்தையும், பிளாஸ்டிக் மாதிரி தெரியுறதையும் சேத்து ஒரு கவர்ல போட்டு நாளைக்கு காலைல கொண்டா.