உறுதிமொழி எடுக்கும் நாள்: கிரீன் கார்டைக் கொடுத்த பிறகு ஊருக்குப் போகலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் கணவரோடும் ஒன்பது வயது மகனோடும் இருக்கிறேன். மூன்று பேரிடமும் கிரீன் கார்டு இருக்கிறது. முதலில் நான் மட்டும் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். நேர்காணலில் தேர்ச்சி பெற்றாகிவிட்டது. இப்போது உறுதிமொழி விழாவுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. நேர்காணலுக்குப் பிறகு, வேகமாக ஓட்டியதற்காகப் போலீஸ் எனக்கு ஒரு டிக்கெட் கொடுத்தது, அபராதத்தைக் கட்டிவிட்டேன். அதை அங்கே சொல்ல வேண்டுமா? விழா முடிந்து மூன்றாவது வாரம் தங்கையின் கல்யாணத்துக்கு மதுரை கிளம்புகிறோம். இந்திய பாஸ்போர்ட்டிலேயே போய்வரலாமா? எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. எல்லோர் முன்னாலும் தனியாகப் பேசச் சொல்வார்களா? மகனும் உறுதிமொழி எடுக்க வேண்டுமா?

பதில்: வாழ்த்துகள். நான்கு கேள்விகளில் பயணக் கேள்விதான் அவசரமானது. அதற்கு மட்டும் இந்த வாரமே நீங்கள் ஒரு முடிவு எடுக்க வேண்டும். அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

இந்திய பாஸ்போர்ட்டில் போய்வர முடியாது. காரணம் இரண்டு பக்கமும் இருக்கிறது. விழா அரங்குக்குள் நுழையும்போதே உங்கள் கிரீன் கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அது இல்லாமல், வெறும் இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குத் திரும்ப வழி கிடையாது. அமெரிக்கக் குடிமக்கள் நாட்டை விட்டுப் போகவும் திரும்பி வரவும் அமெரிக்க பாஸ்போர்ட்டைத்தான் காட்ட வேண்டும். இந்தியப் பக்கத்திலும் சட்டம் கறாராக இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் 9ஆம் பிரிவின்படி, விருப்பப்பட்டு வேறு நாட்டுக் குடியுரிமை பெறும் அந்தக் கணமே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. தூதரகத்தில் நீங்கள் போய் எழுதிக் கொடுத்த பிறகு அல்ல, உறுதிமொழி எடுத்த நிமிடத்திலேயே. காலாவதி தேதி எத்தனை வருடம் தள்ளியிருந்தாலும், அதன் பிறகு அந்த இந்திய பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். ‘ஒரே ஒரு தடவைதானே’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பின்னால் ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடிமகளாகிவிட்ட இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா வந்துபோக உதவும் அட்டை) விண்ணப்பிக்கும்போது அந்தப் பயணம் வெளியே வரும், அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.

ஆக, விழா முடிந்த மறுநாள் உங்கள் கையில் குடியுரிமைச் சான்றிதழ் இருக்கும், ஆனால் எந்த நாட்டுக்கும் போகப் பயண ஆவணம் என்று ஒன்றுமே இருக்காது. அமெரிக்க பாஸ்போர்ட் வரும்வரை இந்த இடைவெளி நீடிக்கும். சாதாரணமாக விண்ணப்பித்தால் நான்கு முதல் ஆறு வாரம், 60 டாலர் கூடுதலாகக் கட்டி விரைவு சேவை கேட்டால் இரண்டு முதல் மூன்று வாரம் என்று வெளியுறவுத் துறை சொல்கிறது. தபாலில் போய்வரும் நாட்கள் இதில் சேராது. பயணத்துக்கு 14 நாட்களே இருக்கும்போது பாஸ்போர்ட் ஏஜென்சியில் நேரில் போய் வாங்கும் வழி ஒன்று உண்டு. ஆனால் அதற்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வேண்டும். கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகும் வேலை முடியவில்லை. அமெரிக்கராகிவிட்ட உங்களுக்கு மதுரைக்குப் போக விசா வேண்டும். ஓசிஐ மூன்று வாரத்தில் வந்துவிடும் என்று நம்பிப் பயணத்தைத் திட்டமிடக் கூடாது.

என்னைக் கேட்டால், உங்கள் நிலையில் உறுதிமொழித் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்வேன். அதற்கான வழிமுறை கடிதத்திலேயே இருக்கிறது. வரமுடியாத காரணத்தை விளக்கி ஒரு கடிதம் எழுதி, வந்த அறிவிப்போடு சேர்த்து உங்கள் குடியேற்ற அலுவலகத்துக்கு உடனே திருப்பி அனுப்ப வேண்டும். கல்யாணத்துக்கு இந்திய பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டுமாக நிம்மதியாகப் போய்வந்துவிட்டு, புதிய தேதியில் உறுதிமொழி எடுத்துக்கொள்ளலாம். புதிய தேதி எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை, அதுதான் இதில் உள்ள சங்கடம். இருந்தாலும், பாஸ்போர்ட், விசா இரண்டும் குறித்த நாளுக்குள் வருமா என்று தவித்துக்கொண்டு, தங்கையின் கல்யாணத்தையே தவறவிடும் அபாயத்தைவிட இது எவ்வளவோ மேல். ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: தகவல் சொல்லாமல் போகாமல் இருப்பது. ஒன்றுக்கு மேற்பட்ட முறை அப்படி வராமல் இருந்தால் விண்ணப்பத்தையே நிராகரித்துவிடலாம்.

இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நேர்காணலில் தேர்ச்சி பெற்றதும் எல்லாம் முடிந்துவிட்டது, விழா வெறும் கொண்டாட்டம்தான் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். சட்டப்படி உறுதிமொழி எடுக்கும்வரை நீங்கள் அமெரிக்கக் குடிமகள் அல்ல. அந்த அரங்கின் வாசலில்கூட உங்கள் விண்ணப்பம் திறந்த கோப்புதான். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதையும் அதற்கு முன்னால் செய்துவிடாதீர்கள். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருக்கும், தெரியாமல் அதில் டிக் போட்டாலும் பெரிய சிக்கலாகிவிடும்.

இங்கேதான் உங்கள் வேக டிக்கெட் வருகிறது. உங்களுக்கு வந்திருக்கும் கடிதம் என்-445 படிவம். அதன் கேள்விப் பகுதியைப் பாருங்கள். நேர்காணலுக்குப் பிறகு கல்யாணமோ விவாகரத்தோ ஆனதா, வெளிநாடு போனீர்களா, சட்டத்தை மீறியதற்காகக் கைதோ அபராதமோ உண்டா, புதிதாக ஏதாவது அமைப்பில் சேர்ந்தீர்களா என்றெல்லாம் இருக்கும். சட்ட மீறல் பற்றிய கேள்வியில் போக்குவரத்து விதிமீறலும் அடங்கும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஆகவே ‘ஆம்’ என்று எழுதுங்கள். டிக்கெட்டின் நகல், பணம் கட்டிய ரசீது இரண்டையும் கொண்டுபோங்கள். அலுவலர் ஒன்றிரண்டு கேள்வி கேட்பார், ரசீதைப் பார்ப்பார். அபராதம் கட்டி முடித்த சாதாரண வேக டிக்கெட்டுக்காக யாரும் குடியுரிமையை மறுக்கமாட்டார்கள். கையெழுத்துப் போட்டுப் பொய் சொல்வதுதான் பின்னாளில் கழுத்தைப் பிடிக்கும். குடித்துவிட்டு ஓட்டியது, கைதானது, நீதிமன்றத்தில் வழக்கு நடப்பது போன்றவை வேறு ரகம். அப்படி ஏதாவது இருப்பவர்கள் விழாவுக்குப் போகும் முன்பே வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும்.

இந்தக் கேள்விகளைக் கடிதம் வந்த அன்றே நிரப்பிவிடாதீர்கள். விழா நாளன்று காலையில் நிரப்பச் சொல்வதே வழக்கம், ஏனென்றால் அந்த நாள்வரை நடந்தவைதான் கணக்கு. தேதியைத் தள்ளிப்போட்டு மதுரை போய்வந்தால், அந்தப் பயணத்தையும் அதில் எழுத வேண்டும். போன தேதி, வந்த தேதி இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அன்றைக்கு என்ன நடக்கும்? குடியேற்றத் துறை தன் அலுவலகத்திலேயே நடத்தும் விழாவும் உண்டு, நீதிமன்றத்தில் நீதிபதி நடத்தும் விழாவும் உண்டு. என்-400 எனப்படும் குடியுரிமை விண்ணப்பத்திலேயே பெயர் மாற்றம் கேட்டிருந்தால் நீதிமன்ற விழாதான், ஏனென்றால் பெயரை மாற்றும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான் இருக்கிறது. நம் ஆட்களுக்கு இது முக்கியம். குடும்பப் பெயர் என்ற வழக்கமே நமக்கு இல்லாததால், அப்பா பெயர் கடைசிப் பெயராகி, சிலருக்கு முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்து, வங்கியிலும் விமானத்திலும் வருடக்கணக்கில் அவதிப்பட்டிருப்பார்கள். அதைச் சரிசெய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. உங்கள் கணவர் இனிமேல்தான் விண்ணப்பிக்கப்போகிறார் என்றால் அவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

என்-445 படிவம், கிரீன் கார்டு, ரீஎன்ட்ரி பெர்மிட் (நீண்ட நாள் வெளிநாட்டில் தங்கித் திரும்ப கிரீன் கார்டுக்காரர்கள் வாங்கும் அனுமதி) வாங்கியிருந்தால் அது, புகைப்படத்துடன் கூடிய வேறு ஒரு அடையாள அட்டை, இவை கையில் இருக்க வேண்டும். கிரீன் கார்டு தொலைந்துபோயிருந்தால் அன்றைக்கு வாசலில் போய் விழிக்காமல், முன்கூட்டியே அலுவலகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். ஜீன்ஸ், ஷார்ட்ஸ், ரப்பர் செருப்பு வேண்டாம் என்று துறையே சொல்கிறது. பட்டுப்புடவை தாராளமாகக் கட்டலாம். குடும்பத்தினர் வரலாம், ஆனால் எத்தனை பேர் என்பது இடத்துக்கு இடம் மாறும். கடிதத்தில் பாருங்கள். நீதிமன்றம் என்றால் கைபேசியை உள்ளே விடாமலும் இருக்கலாம்.

நுழைவாயிலில் சோதனை முடிந்ததும் வரிசையில் நிற்க வைப்பார்கள். அலுவலர் படிவத்தைப் பார்த்து, பதில்களைச் சரிபார்த்து, கிரீன் கார்டை வாங்கிக்கொண்டு, இருக்கையைக் காட்டுவார். விழாவின் பெரும்பகுதி நேரம் இதற்குத்தான் போகும். மொத்தம் இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். உறுதிமொழிக்கு ஆவது சில நிமிடம்தான். விண்ணப்பதாரர்கள் ஒரு பக்கம், குடும்பத்தினர் வேறு பக்கம் என்று உட்காரவைப்பது வழக்கம். சின்னப் பிள்ளை உங்களை விட்டு இருக்காது என்றால் கணவரைக் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

தனியாகப் பேச வேண்டுமோ என்ற பயம் வேண்டாம். எல்லோரும் எழுந்து நின்று, வலது கையை உயர்த்தி, அலுவலர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு துண்டாகத் திருப்பிச் சொல்வீர்கள். மனப்பாடம் தேவையில்லை. அரங்கில் எத்தனையோ நாட்டு உச்சரிப்பு ஒலிக்கும், உங்களுடையதும் அதில் ஒன்று. முன்பே வீட்டில் இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், போதும். அதைவிட முக்கியம், என்ன சொல்கிறோம் என்று புரிந்து சொல்வது. பிற நாடுகளுக்கான விசுவாசத்தைத் துறக்கிறேன், அமெரிக்க அரசியலமைப்பையும் சட்டங்களையும் காப்பேன், சட்டம் கோரினால் ஆயுதம் ஏந்துவேன் அல்லது ராணுவத்தில் ஆயுதம் ஏந்தாத பணியோ, நாட்டுக்கு முக்கியமான சிவில் பணியோ செய்வேன் என்பவை அதன் சாரம். ‘ஆயுதம்’ என்ற சொல்லைக் கேட்டு வயதான அம்மாக்கள் கலங்கிப்போவதுண்டு. அது சட்டம் கேட்கும்போது மட்டும் வரும் கடமை. மத நம்பிக்கையின் காரணமாகவோ மனசாட்சியின் காரணமாகவோ அந்த வரியைச் சொல்ல முடியாதவர்களுக்கு மாற்று வாசகம் உண்டு, ஆனால் அதை விண்ணப்பத்தின்போதே கேட்டிருக்க வேண்டும். விழா மேடையில் புதிதாகக் கேட்பது சரிவராது.

கொடிக்கு விசுவாசம் கூறுவது, தேசிய கீதம், ஒரு காணொளி, வந்திருப்பவர்களின் நாடுகளின் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொல்வது ஆகியவை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். நம் நாட்டின் பெயரைச் சொல்லும்போது எழுந்து நிற்பது பலருக்கும் தொண்டையை அடைக்கிற தருணம். அதை அடக்கிக்கொள்ள வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

சான்றிதழ் கைக்கு வந்ததும் படம் எடுக்க ஓடாதீர்கள். முதலில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பெயர், பிறந்த தேதி, பழைய நாடு, புகைப்படம். தவறு இருந்தால் அங்கேயே, அந்த நிமிடமே அலுவலரிடம் காட்டுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கண்டுபிடித்தால் மாற்றுச் சான்றிதழ் கேட்கும் என்-565 விண்ணப்பம், மாதக்கணக்கில் காத்திருப்பு. சான்றிதழையே தொலைத்துவிட்டால் மாற்றுப் பிரதிக்கு 500 டாலருக்கு மேல் ஆகும். சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பாஸ்போர்ட்டுக்கு அசலையே அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால், அதற்கு முன் உங்கள் உபயோகத்துக்கு நல்ல நகல் ஒன்று எடுத்து வையுங்கள்.

அதன் பிறகு டிஎஸ்-11 படிவத்தோடு நேரில் போய் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். பெரியவர்களுக்கு 130 டாலர், விண்ணப்பம் வாங்கும் அலுவலகத்துக்கு 35 டாலர். பாஸ்போர்ட்டும் சான்றிதழும் தனித்தனி உறையில் வரலாம். முதல் உறையில் சான்றிதழ் இல்லையே என்று பதற வேண்டாம். சோஷியல் செக்யூரிட்டி பதிவிலும் உங்கள் குடியுரிமை நிலை மாறிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியக் குடியுரிமையைத் துறந்ததற்கான சான்றிதழுக்கு இந்தியத் தூதரகத்துக்காக விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் நிறுவனம் மூலம் விண்ணப்பிப்பது அடுத்த வேலை. பழைய இந்திய பாஸ்போர்ட்டை அதோடு கொடுக்க வேண்டும். விழா அரங்கில் அமெரிக்க அலுவலர்கள் அந்த பாஸ்போர்ட்டைக் கேட்கமாட்டார்கள், அதனால் அப்படியே அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் ஏராளம். ஓசிஐக்கு இந்தச் சான்றிதழ் இல்லாமல் நகர முடியாது. இலங்கைத் தமிழர்களுக்கு வரிசையே வேறு: இலங்கைக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் உறுதிமொழி எடுப்பதற்கு முன்பே இலங்கை அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். எடுத்த பிறகு என்றால், இழந்த குடியுரிமையைத் திரும்பக் கேட்கும் வேறு விண்ணப்பம்.

மகனைப் பற்றி: அவன் உறுதிமொழி எடுக்க வேண்டியதில்லை. 18 வயதுக்கு உட்பட்டு, கிரீன் கார்டோடு, உங்கள் பொறுப்பில் உங்களுடனேயே இங்கே வசிக்கிறான் என்பதால், நீங்கள் குடிமகள் ஆகும் அதே நாளில் அவனும் தானாகவே குடிமகன் ஆகிவிடுகிறான். 2000ஆம் ஆண்டில் வந்த குழந்தைகள் குடியுரிமைச் சட்டம் தரும் உரிமை இது. உங்கள் சான்றிதழ், அவனுடைய பிறப்புச் சான்றிதழ், கிரீன் கார்டு இவற்றைக் காட்டி நேரடியாக அமெரிக்க பாஸ்போர்ட் வாங்கலாம். 16 வயதுக்குக் குறைந்தவன் என்பதால் அப்பா அம்மா இருவரும் கூடப் போக வேண்டும், ஒருவர் வரமுடியாவிட்டால் அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். அவன் பெயரிலேயே குடியுரிமைச் சான்றிதழ் வேண்டும் என்றால் என்-600 தனியாகப் போடலாம், அவசரம் இல்லை. ஆனால் பயண விஷயத்தில் உங்களுக்குச் சொன்னது அத்தனையும் அவனுக்கும் பொருந்தும். உறுதிமொழியை எடுத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போவது என்று முடிவு செய்தால், உங்கள் கணவர் ஒருவர்தான் பழைய பாஸ்போர்ட்டோடும் கிரீன் கார்டோடும் போய்வர முடியும். உங்கள் இருவருக்கும் புதிய பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும். தள்ளிவைக்கச் சொல்லும் கடிதத்தை எழுதுவதா வேண்டாமா என்று யோசிக்கும்போது அவனுடைய பாஸ்போர்ட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.