பதில்: ஹைடன் ட்ரையோவில் செல்லோ கேட்கவில்லை, ஸ்பீக்கர் பழுதா?

இசையமைப்பாளர் ஹைடனின் ஜி மேஜர் ட்ரையோவில் (பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமான படைப்பு) பியானோவும் வயலினும் தெளிவாக இருக்க, கீழ்ச்சுரம் வாசிக்கும் செல்லோ மட்டும் காணவில்லை என்கிறீர்கள். பழுது என்று முடிவுகட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஷூபெர்ட்டின் இ ஃபிளாட் ட்ரையோ (பட்டியல் எண் டி. 929, 1827), இரண்டாம் பகுதியைப் போடுங்கள். பியானோ நடைபோடுவது போல் தாளம் தொடங்கியதும் மெட்டைச் செல்லோதான் எடுக்கும். அது நன்றாகக் கேட்டால் உங்கள் ஸ்பீக்கரில் குறையில்லை. கேட்காவிட்டால் வலது சேனலைப் பாருங்கள். பெரும்பாலான பதிவுகளில் வயலின் இடப்புறம், செல்லோ வலப்புறம். செல்லோவின் கீழ்த்தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸ் என்பதால் போன் ஸ்பீக்கரில் சோதிக்க வேண்டாம்.

ஹைடன் விஷயத்தில் காரணம் இசையிலேயே இருக்கிறது. அவர் காலத்தில் இந்த ட்ரையோக்கள் "வயலின், செல்லோ துணையுடன் பியானோ சொனாட்டா" என்றே அச்சாயின. பியானோவின் இடக்கை வாசிப்பதையே செல்லோ பெரும்பாலும் கூடவே வாசிக்கும். அன்றைய பியானோவான ஃபோர்ட்டேபியானோவின் கீழ்ச்சுரம் சட்டென்று அடங்கிவிடும். அதை நீட்டிப் பிடிக்கத்தான் செல்லோ. இன்றைய கிராண்ட் பியானோவின் கனத்த கீழ்ச்சுரம் செல்லோவை அப்படியே மூடிவிடுகிறது. ஆகவே ஃபோர்ட்டேபியானோ பதிவாகத் தேடி வாங்குங்கள். அதே ஜி மேஜர் ட்ரையோ (ஹோபோகன் பட்டியல் எண் 15:25) புதிதாக வேறொன்றாய் ஒலிக்கும்!

செல்லோவுக்காகவே கேட்பதென்றால் இசையமைப்பாளர் ஃபேனி ஹென்செலின் டி மைனர் ட்ரையோ, ஓப்பஸ் 11. அவர் இறந்த பிறகு 1850-இல் அச்சானது. அதிகம் பேர் கேட்டதில்லை, அது பெரிய இழப்பு. தொடக்கத்தில் பியானோ வேகமாக ஓட, அதன்மேல் வயலினும் செல்லோவும் ஒரே மெட்டை எட்டுச்சுர இடைவெளியில் சேர்ந்து பாடுகின்றன.